எதிராளி பாடம் படித்துவிட்டு வருவதில்லை: லிச்செஸ் ஓப்பனிங் எக்ஸ்புளோரர் பற்றி

எவன்ஸ் காம்பிட், அதாவது சிப்பாய் ஒன்றைக் கொடுத்து வேகம் வாங்கும் சதுரங்கத் தொடக்கம், அதைக் கற்றுக்கொள்ள, நூறு வெள்ளிக்குக் (ரிங்கிட்) கொஞ்சம் குறைவாகக் கொடுத்து ஒரு வீடியோ பாடம் வாங்கினேன். யார் விற்றது என்பது வேண்டாம். ஆசிரியர் நன்றாகத்தான் பேசுகிறார், பலகையும் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அவர் பாடத்தில் வரும் கறுப்புக்காரன் ரொம்ப நல்ல பிள்ளை. வெள்ளை நாலாவது நகர்வில் பி4 கட்டத்தில் சிப்பாயை நீட்டினால், சி5-இல் நிற்கும் மந்திரியால் வெட்டுவான், சி3 போட்டு விரட்டினால் ஏ5-க்குப் போவான், அப்புறம் டி4, கோட்டை கட்டு, அடி. அப்படிச் சொன்னபடி கேட்கிற ஆளை எங்கள் மலேசிய ஊரான சுங்கை சிப்புட்டில் எங்கே போய்த் தேடுவது?

நான் செம்பனை ஆலையில் தராசு கிளார்க். சனிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் நம் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித் தருகிறேன். மாவட்டப் போட்டிக்குப் போய் வந்த ஒரு பையன் ஆட்டம் எழுதிய தாளை நீட்டினான். "அங்கள், நான் பி4 வெச்சேன், அவன் வெட்டவே இல்ல லா. மந்திரிய பி6-க்கு இழுத்துக்கிட்டான். வீடியோல இது இல்லயே?"

இல்லைதான். லிச்செஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில், தொடக்க நகர்வுகளின் கணக்கைக் காட்டும் ஓப்பனிங் எக்ஸ்புளோரரைத் திறந்து, 1400, 1600 ரேட்டிங் (ஆட்டத் திறன் எண்) பெட்டிகளை மட்டும் தட்டிவிட்டு, ரேப்பிட் எனப்படும் குறுநேர ஆட்டங்களை வைத்துப் பார்த்தோம். இந்த நிலைக்கு வந்தவர்கள் அடுத்து என்ன ஆடினார்கள், வெள்ளை எத்தனை சதவீதம் வென்றது, கறுப்பு எத்தனை, சமன் எத்தனை எல்லாம் வரிசையாக நிற்கிறது. மாஸ்டர்கள் ஆட்டத்துக்கு வேறு பக்கம் உண்டு. பிள்ளைகள் நேரே அங்கேதான் ஓடுவார்கள், நான் தடுத்துவிடுவேன். பக்கத்து ஊர் பள்ளிப் பையன் எப்படி ஆடுவான் என்பது அங்கே கிடைக்காது.

மந்திரி பி6-க்குப் போனால் வெள்ளை சிப்பாயை ஏ4-க்கு நகர்த்தலாம் என்று காட்டியது. ஏன் என்று எக்ஸ்புளோரர் சொல்லாது, அதை நாம்தான் பலகையில் வைத்துப் பார்க்க வேண்டும். கறுப்பு கவனிக்காமல் குதிரையை எஃப்6-க்கு எடுத்தால் வெள்ளைச் சிப்பாய் ஏ5-க்கு வரும், மந்திரிக்கு ஓட நல்ல இடமில்லை. டி4-க்குத் தாவினால் சி3, அத்தோடு சரி. அதனால் கறுப்பு ஏ6 போட்டு ஏ7-ஐத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இவ்வளவுக்கும் வெள்ளை இன்னும் ஒரு சிப்பாயைக்கூட இழக்கவில்லை. பையன் முகம் தெளிந்துவிட்டது.

பி4 சிப்பாயைக் கறுப்பு குதிரையால் வெட்டினால்? சி3 போடு, குதிரை சி6-க்கே திரும்பும். இப்போது பலகையைப் பாருங்கள்: மந்திரியால் வெட்டி, சி3-க்குப் பிறகு சி5-க்குத் திரும்பினால் வரும் அதே நிலை, ஒரு காய்கூட மாறவில்லை. எக்ஸ்புளோரரில் இரண்டு வழியாகவும் போய்ப் பார்த்தால் கீழே ஒரே பட்டியல்தான் வரும். இதற்குத் தனியாக ஒரு மனப்பாடம் எதற்கு? புதிதாகத் தெரியும் பதில் தெரிந்த இடத்துக்கே கொண்டு வந்து விடுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லித்தான் இப்போது பழக்குகிறேன்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில். மூன்றாவது நகர்விலேயே கறுப்பு மந்திரியை சி5-க்குக் கொண்டுவராமல் குதிரையை எஃப்6-இல் வைத்தால் எவன்ஸ் காம்பிட்டே கிடையாது! எங்கள் மண்டபத்தில் பாதிப் பேர் அதைத்தான் ஆடுகிறார்கள். காசு வாங்கிய பாடத்தில் இதற்கு ஒரு நிமிடம்கூட இல்லை. எக்ஸ்புளோரரை நோண்டி டி4-ஐ எடுத்துக்கொண்டோம், அதுவும் சிப்பாய் கொடுத்து வேகம் வாங்கும் ஆட்டம்தான், பிள்ளைகள் குணத்துக்குப் பொருந்துகிறது.

மாஸ்டர் பக்கத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 1995-இல் லாட்வியாவின் ரீகாவில் அப்போதைய உலகச் சாம்பியன் காஸ்பரோவ் எவன்ஸ் காம்பிட் ஆடினார், எதிரே நம்ம ஆனந்த். ஆனந்த் மந்திரியை ஏ5-க்கு அனுப்பாமல் இ7-க்கு இழுத்தார். காஸ்பரோவ் டி4 வைத்ததும் குதிரையை ஏ5-இல் வைத்து சி4 மந்திரியைக் குத்தினார். காஸ்பரோவ் தாக்குகிற மந்திரியை அமைதியாக இ2-க்கு இறக்கி, 25 நகர்வில் முடித்துவிட்டார். ஒதுங்கிப் போகிறவனை அவசரப்பட்டுத் துரத்த வேண்டியதில்லை என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல ஆட்டம் என்னிடம் இல்லை. ஆனந்த் தோற்றார் என்பது மட்டும் கொஞ்சம் உறுத்தும்.

குறைகளும் உண்டு. சதவீதத்தை அப்படியே நம்பக்கூடாது. ஒரு நகர்வுக்கு எண்பது சதவீத வெற்றி என்று நிற்கும், பக்கத்தில் பார்த்தால் மொத்தமே ஐந்து ஆட்டம். வெற்றி அதிகமாக இருப்பதாலேயே நல்ல நகர்வு என்றும் ஆகாது, எதிரே இருந்தவன் பதறியிருக்கலாம், கணினியை ஓடவிட்டுச் சரிபார்ப்பது நல்லது. கைப்பேசித் திரையில் பலகையும் பட்டியலும் சேர்ந்து நெருக்கியடிக்கின்றன, எனக்குக் கண்ணாடி இல்லாமல் வேலைக்காகாது. இணையம் வேண்டும், தோட்டத்துக்குள் லைன் கிடைக்காத வீட்டுப் பிள்ளைகள் மண்டபத்துக்கு வந்துதான் பார்க்கிறார்கள்.

விலை? ஒரு காசு இல்லை, விளம்பரமும் இல்லை. 2010-இல் ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கியது, நன்கொடையில் ஓடுகிறது. என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. காம்பிட் பாடம் வாங்கப் போகிறீர்கள் என்றால், முதலில் அதன் உள்ளடக்கப் பட்டியலில் "வெட்டாவிட்டால்" என்று ஒரு பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்கு இரண்டு நல்ல பலகை வாங்கலாம்.