எபிபென்னுக்கு எந்தப் பை? குழாய், தெர்மோ பை, நீர்ப்பை, இடுப்புப் பட்டை

வேர்க்கடலையோ முந்திரியோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு எபிபென், அதாவது கடும் அலர்ஜி வந்ததும் தொடையில் குத்தும் பேனா வடிவ அட்ரினலின் ஊசி, எழுதிக்கொடுத்தால், இரண்டு ஊசிகள் எப்போதும் கூடவே இருக்க வேண்டும். முதல் ஊசிக்குப் பிறகும் மூச்சுத்திணறல் அடங்காவிட்டால் 5 முதல் 15 நிமிடத்துக்குள் இரண்டாவது தேவைப்படலாம். ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுள்ள இரண்டும் சேர்ந்து நுழையாத பை, பொம்மைப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், கணக்கில் சேராது.

அடுத்தது வெப்பம். இந்த மருந்தை 20 முதல் 25 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். வெளியே போய்வரும் நேரத்தில் 15 முதல் 30 வரை பரவாயில்லை. ஃபிரிட்ஜ் கூடாது.

ஊசியோடு வரும் பிளாஸ்டிக் குழாய்க்குத் தனிச் செலவில்லை. தூசியையும் அடியையும் தடுக்கும். வெப்பத்தையும் தண்ணீரையும் தடுக்காது. ஆனாலும் தூக்கி எறியாதீர்கள். வெறும் ஊசியைப் புத்தகப்பையில் போட்டால் ஸ்கேலோ பென்சிலோ இடித்து, ஊசியின் பாதுகாப்புக்கான நீலமூடி மேலெழும்பலாம். எழும்பிய மூடியோடு இருக்கும் ஊசி தானாகவே பாய்ந்துவிடும் ஆபத்து உண்டு. 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதை எச்சரித்தது. சில ஊசிகள் குழாயிலிருந்து எளிதில் வழுக்கி வெளியே வராததையும் அதே அறிவிப்பில் சொன்னது. வாங்கிய அன்றே குழாயைக் கவிழ்த்துப் பாருங்கள். வழுக்கி வராவிட்டால் மருந்துக்கடையில் மாற்றுங்கள். நீலமூடியை மட்டும் தொட வேண்டாம்.

உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய தெர்மோ பையைத்தான் பலரும் முதலில் வாங்குகிறார்கள். இது குளிர்விக்காது, சூடேறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் இரண்டு மணி நேரம் விட்டால் மருந்தும் சூடாகிவிடும்; பிறகு நிழலுக்குக் கொண்டுவந்தாலும் பையின் அதே வெப்பத்தடுப்பு சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது. பெரிய தவறு, உறைந்த ஜெல் பேக்கை ஊசியை ஒட்டி வைப்பது. மருந்து உறைந்தால் அந்த ஊசி வீண். டொராண்டோ குளிருக்கும் இதே கதைதான்: பை கோட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும், முதுகுப்பையின் வெளிப்பாக்கெட்டில் அல்ல.

நீர்ப்பையில் முன்னணி வேல்ஸில் தயாராகும் ஃப்ரியோ. உள்ளிருக்கும் படிகங்கள் தண்ணீரை உறிஞ்சிக் கூழாகி, ஈரம் ஆவியாகும்போது குளிர்விக்கும், மண்பானை வேலைதான். குழாய்த் தண்ணீரில் 5 முதல் 10 நிமிடம் ஊறவைத்துத் துடைத்தால் போதும். கூடுதலாக ஊறினால் கூழ் புடைத்து ஊசி உள்ளே போகாது, போனாலும் அவசரத்தில் வெளியே வராது. டிபன் பாக்ஸிலோ பிளாஸ்டிக் கவரிலோ மூடினால் காற்றில்லாமல் குளிர்ச்சியும் இல்லை. மதுரையின் வறண்ட வெயிலில் நன்றாக உழைக்கும்; சென்னைப் புழுக்கத்தில் பலன் குறையும். மருத்துவர் தந்த அவசரக் குறிப்பை லேமினேட் செய்யாவிட்டால் ஈரத்தில் ஊறிவிடும்.

ஊசிகளைச் செருகி இடுப்பில் கட்டும் பட்டையில் வெப்பத்தடுப்பு சுத்தமாக இல்லை. இருந்தும், ஏழெட்டு வயதுக்கு மேற்பட்ட, சொன்னால் கேட்கும் பிள்ளைக்கு எங்கள் முதல் தேர்வு அதுதான். மற்ற பைகள் வகுப்பில் தொங்கும். பிள்ளை மைதானத்தில் இருக்கும். பட்டையோ ஓடும்போதும் கூடவே ஓடும். உடல்சூடு படாமல் சட்டைக்கு மேலே கட்டுங்கள், நேர்வெயிலில் நிற்கும் நாளில் நிழலையும் கவனியுங்கள். அதைவிடச் சின்னப் பிள்ளைக்குத் தெர்மோ பை சரி. ஆனால் அது ஆசிரியர் கையிலிருந்து ஆயா கைக்கு, பிள்ளையோடு சேர்ந்தே மாற வேண்டும். பூட்டிய அலமாரிக்குள் போனால் எந்தப் பையும் ஒன்றுதான்.

ஊசிக்குப் பதில் அதே மருந்தை மூக்கில் அடிக்கும் நெஃபி ஸ்ப்ரே, அமெரிக்காவில் 2024இல் அனுமதி பெற்றது, 50 டிகிரி வரையிலான தற்காலிகச் சூட்டைத் தாங்கும். அது கிடைக்கும் ஊரில் வெயில் கவலை பாதி குறையும்.

எந்தப் பையானாலும் மாதம் ஒருமுறை ஊசியின் கண்ணாடிச் சாளரத்தைப் பாருங்கள்: மருந்து கலங்கியிருந்தாலோ பழுப்பேறியிருந்தாலோ மாற்ற வேண்டும். அலர்ஜி சிரப்பைத் தனி ஜிப் கவரில் போடுங்கள். கசிந்தால் பையின் ஜிப்பே ஒட்டிக்கொள்ளும். பழகுவதற்கான மருந்தில்லாத ஊசியை மட்டும் இந்தப் பையில் வைக்கவே வேண்டாம். பதற்றத்தில் கை முதலில் அதைத்தான் எடுக்கும்.