டேட்டாகிளாஸ்: டண்டர் மெத்தடுகளை எழுதித் தரும் கருவி

பைத்தான் நிரல்மொழியில் ஒரு கிளாஸை, அதாவது ஆப்ஜெக்டுகளுக்கான வார்ப்பை, எழுதத் தொடங்கினாலே, பெயரின் இருபுறமும் இரட்டை அடிக்கோடு இட்ட டண்டர் மெத்தடுகள் தேவைப்படும். ஆப்ஜெக்ட் உருவாகும்போது இனிட், அதை அச்சிட்டுப் பார்க்கும்போது ரெப்ர், இரண்டு ஆப்ஜெக்டுகள் சமமா என்று கேட்கும்போது ஈக்யூ என, நாம் பெயர் சொல்லி அழைக்காமலேயே பைத்தான் தானாக அழைப்பவை இவை. 2018இல் வெளியான 3.7 பதிப்பில் சேர்க்கப்பட்ட டேட்டாகிளாஸ், இம்மூன்றையும் நமக்காக எழுதித் தருகிறது. தரவைத் தாங்கும் புலங்களின் பெயரையும் வகையையும் குறிப்பிட்டு, கிளாஸுக்கு மேலே @ குறியுடன் தொடங்கும் டெகரேட்டர் என்ற வரியை வைத்தால் போதும்.

தட்டச்சு மிச்சமாவதைவிட நான் பெரிதாக மதிப்பது, ஹாஷ் விஷயத்தில், அதாவது ஆப்ஜெக்டை விரைவாகத் தேட உதவும் எண்ணின் விஷயத்தில், இது காட்டும் நிதானத்தை. சமமான இரண்டு ஆப்ஜெக்டுகளுக்கு ஹாஷும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது பைத்தானின் விதி. எக்ஸ், ஒய் என்ற இரு புலங்கள் கொண்ட புள்ளி ஒன்றை, ஹாஷைக் கொண்டு தேடும் தொகுப்பான செட்டில் போட்டுவிட்டுப் பிறகு அதன் எக்ஸை மாற்றினால், அந்தப் புலங்களிலிருந்து கணக்கிடப்படும் ஹாஷும் மாறிவிடும். பழைய ஹாஷுக்குரிய இடத்தில் புள்ளி கிடக்க, தேடல் புதிய ஹாஷைப் பின்பற்றிப் போவதால், உள்ளே இருக்கும் புள்ளியையே இல்லை என்று செட் சொல்லிவிடும். ஹாஷைக் கையால் எழுதிய காலத்தில் இத்தகைய பிழையைத் தேடி ஒரு நாள் முழுவதையும் இழந்திருக்கிறேன். டேட்டாகிளாஸோ, புலங்களை மாற்றக்கூடிய கிளாஸுக்கு ஹாஷே இல்லாமல் செய்துவிடுகிறது. செட்டில் சேர்க்க முயலும்போதே டைப்எரர் என்ற பிழை எழுகிறது. ஃப்ரோசன் என்ற தேர்வால் புலங்களைப் பூட்டினால் ஹாஷைத் தானே எழுதித் தருகிறது.

குறைகளும் உண்டு. முழு எண் என்று அறிவித்த புலத்தில் எழுத்துச் சரத்தைக் கொடுத்தாலும் இனிட் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். புதியவர்கள் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். சரிபார்ப்பு வேண்டுமென்றால் போஸ்ட் இனிட் என்ற மெத்தடில் நாமே எழுத வேண்டும். ஆப்ஜெக்டுகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்த உதவும் ஆர்டர் என்ற தேர்வும் கவனத்தைக் கோருகிறது: ஒப்பீடு புலங்களை அறிவித்த வரிசையிலேயே நடப்பதால், பெயரை முதலிலும் மதிப்பெண்ணை அடுத்தும் எழுதியவர் மதிப்பெண் வரிசையை எதிர்பார்த்தால் பெயர் வரிசையே கிடைக்கும். மாறாக, பட்டியலை நேரடியாக இயல்பு மதிப்பாக வைக்க முயன்றால் வேல்யூஎரர் எழுப்பித் தடுப்பது மிக நல்ல முடிவு.

கூட்டலுக்கான ஆட், நீளத்துக்கான லென் போன்றவற்றை இது எழுதித் தராது. அவற்றை வழக்கம்போல் நாமே சேர்த்துக்கொள்ளலாம். ரெப்ரை நாமே எழுதியிருந்தால் அதை மாற்றாமல் விட்டுவிடுகிறது. கடவுச்சொல் போன்ற புலத்தை மட்டும் மறைக்க அதுகூடத் தேவையில்லை. அந்தப் புலத்துக்குரிய ரெப்ர் என்ற தேர்வை ஃபால்ஸ் (இல்லை) என்று வைத்தாலே போதும்.