பால் பெயிண்டா, சுண்ணாம்பா, எமல்ஷனா? எங்கள் வீவக வீட்டில் அடித்துப் பார்த்ததில்

மகளுக்கு மூச்சிழுப்பு உண்டு. பெயிண்ட் நெடி பட்டால் அன்று இரவு வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அதனால் சிங்கப்பூரில் பொங்கோலில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் புதுப்பித்தபோது பால் பெயிண்ட், சுண்ணாம்புப் பூச்சு, நெடி குறைந்த எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் சாதாரணச் சுவர்ப் பெயிண்ட்) மூன்றையும் வேறு வேறு இடத்தில் அடித்துப் பார்த்தோம். இரண்டு வருடமாகிறது. எது எங்கே நிற்கும் என்று இப்போது தெரிகிறது.

பால் பெயிண்டில் இருப்பது பாலின் கேசின் புரதம், நீற்றிய சுண்ணாம்பு, மண் நிறமி. பாலில் எலுமிச்சை பிழிந்து பன்னீர் எடுக்கிறோமே, அந்தத் திரளில் பெரும்பங்கு கேசின்தான். சுண்ணாம்பு சேர்ந்தால் அது நல்ல பசையாகிவிடும். அசல் பால் பெயிண்ட் பெரும்பாலும் தூளாகத்தான் வரும். டப்பாவில் கரைசலாக வருபவற்றில் சில, பேரில் மட்டும்தான் பால்; உள்ளே அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் பசை. வாங்கும் முன் சேர்மானத்தைப் படித்துவிடுங்கள்.

முதலில் அம்மாவின் பலா மர மணைக்கட்டைக்கு அடித்தேன். பழைய வார்னிஷை முழுக்கத் தேய்த்து எடுத்தேன். தூளும் தண்ணீரும் சம அளவு ஊறுகாய் பாட்டிலில் போட்டுக் குலுக்கி, நுரை அடங்கக் கால் மணி நேரம் விட்டு, டீ வடிகட்டியில் வடித்தேன். நெடியே இல்லை, மழை பட்ட மண் போல லேசான வாசம். முதல் பூச்சு திட்டுத்திட்டாகக் காய்ந்தது, மனசு கொஞ்சம் விட்டுப்போனது. இரண்டாவதில் சமமானது. மேலே சுத்தமான டங் எண்ணெய் (டங் மர விதையிலிருந்து எடுப்பது) தேய்த்ததும் வெளிறிக் கிடந்த நீலம் ஆழ்ந்த நீலமானது. இன்றுவரை ஒரு செதில் உரியவில்லை. மகள் அதில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

அந்தத் தைரியத்தில் அவள் அறையின் லேமினேட் (வழவழப்பான பிளாஸ்டிக் தகடு ஒட்டிய) அலமாரிக்கும் அடித்தேன். அது தப்பு. மூன்றாவது வாரம் கைப்பிடி பக்கத்தில் அப்பளம் போலப் பெயர்ந்து வந்தது. பால் பெயிண்ட் மேலே ஒட்டுவதில்லை, உள்ளே ஊறிப் பிடிக்கிறது. லேமினேட்டில் ஊற வழியில்லை. இப்போதெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்க்கிறேன். உறிஞ்சினால் அடிக்கலாம். முத்தாக நின்றால் தேய்க்க வேண்டும், அல்லது ஒட்டுவதற்கென்று விற்கும் திரவத்தைக் கலக்க வேண்டும். அந்தத் திரவம் பெரும்பாலும் அக்ரிலிக். அதைக் கலந்தபின் வெறும் பாலும் மண்ணும் என்று சொல்ல முடியாது.

சுவருக்கும் இதே கதைதான். நம் வீட்டுச் சுவர்களில் ஏற்கெனவே எமல்ஷன் இருக்கிறது. போதாததற்கு ஈரப்பதம்: சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். கேசின் புரதம் என்பதால் பூஞ்சைக்கும் அது சாப்பாடு. குளியலறைச் சுவரை ஒட்டி வைத்த ஒரு பலகையின் பின்பக்கம், எண்ணெய் தேய்க்காத இடத்தில், கறுப்புப் புள்ளிகள் வந்தன. அதற்கப்புறம் ஈரமான மூலைகளில் பால் பெயிண்ட் பக்கமே போவதில்லை.

பூஞ்சை விஷயத்தில் சுண்ணாம்பு கெட்டி. அதன் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் வளராது. ஊரில் பொங்கலுக்கு நீலம் கலந்து அடிப்பார்களே, அதே சரக்குதான். காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்து மெல்ல மெல்லக் கல்லாகிறது. மேகம் படர்ந்தது போன்ற அந்த அழகு வேறு எதிலும் வராது. ஆனால் அதற்கும் வெறும் சிமெண்ட் பூச்சு வேண்டும், இல்லாவிட்டால் கனிம பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்க வேண்டும். சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டும். வரவேற்பறையில் ஒரே ஒரு சுவருக்கு வைத்துக்கொண்டோம்.

மற்ற சுவர்களுக்கெல்லாம் எமல்ஷன்தான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. தாளிக்கும்போது மஞ்சள் தெறித்தால் ஈரத்துணியில் துடைக்கலாம். மற்ற இரண்டிலும் கறை ஊறிவிடும். "வாசனையில்லாதது" என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். நெடி இல்லாததால் ஆவியாகும் ரசாயனம் குறைவு என்று ஆகிவிடாது. டப்பாவில் அதன் அளவைப் பாருங்கள், பசுமை முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 0.01 விழுக்காடும் அதற்கு மேலும் ஃபார்மால்டிஹைடு உள்ள உட்புறப் பெயிண்டுகளுக்கு 2026 ஜனவரி 1 முதல் இங்கே தடை இருக்கிறது. எதை அடித்தாலும் சில நாள் சன்னலைத் திறந்து போட்டு, குழந்தையை வேறு அறையில் படுக்க வையுங்கள்.

நஞ்சில்லாதது என்பதற்காகக் கவனம் இல்லாமல் இருக்கவும் கூடாது. பால் பெயிண்ட் தூளில் சுண்ணாம்பு இருக்கிறது, கலக்கும்போது முகக்கவசம், கையுறை, கண்ணாடி வேண்டும். பால் ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அதைத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். டங் எண்ணெய், ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். துணி காயப்போடும் கம்பில் விரித்து, விறைப்பாகக் காய்ந்தபிறகே வீசுகிறேன்.

அடுத்து பூசை அலமாரி. பாலிஷ் போடாத பைன் மரம், நேற்று ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன், உடனே உறிஞ்சிக்கொண்டது. மகள் காவி நிறம் கேட்கிறாள்.