அந்த வீடியோவில் அழுவது நான்தான், அதைப் பார்த்துக் காசு கட்டாதீர்கள்

வாட்ஸ்அப் குழுக்களிலும் ஃபேஸ்புக்கிலும் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. "சம்பூர் அகதிப் பிள்ளை இன்று லட்சாதிபதி" என்று மேலே மஞ்சள் எழுத்தில் போட்டிருக்கும். நீலச் சேலை கட்டிய ஒருத்தி மேடையில் அழுதழுது பேசுவாள். கடைசியில் மூன்றே முக்கால் லட்சம் ரூபாய் என்று அச்சடித்த பெரிய காசோலை அட்டையைத் தூக்கிப் பிடிப்பாள். அவள் நான்தான். அந்த மூன்றே முக்கால் லட்சத்தில் ஒரு சதம்கூட என் கைக்கு வரவில்லை.

அந்த வீடியோவைக் காட்டி, ஆளுக்குக் கீழே ஆள் சேர்க்கச் சொல்லிக் காசு வாங்கும் ஒரு கம்பனிக்காக எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் இப்போது ஆள் சேர்க்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். கம்பனியின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது என்பது ஒன்று, பெயரை அவர்கள் ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள் என்பது இன்னொன்று. நாளைக்கு வேறு பெயரில் வந்தாலும் வேலை செய்யும் விதம் இதுவாகத்தான் இருக்கும்.

என்னைக் கூப்பிட்டவள் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவள். "காசு ஒண்டும் கட்டத் தேவையில்லையடி. சும்மா வந்திருந்து கேள். பிடிக்காட்டி எழும்பிப் போ." நிலாவெளி வீதியில் ஒரு ஹோட்டல் மண்டபம். ஏசி, வெள்ளைத்துணி போர்த்த கதிரைகள், காது அடைக்கப் பாட்டு. மதியச் சாப்பாடு வரைக்கும் என்ன சாமான், என்ன வியாபாரம் என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரே ஒரு கேள்விதான்: "உங்கட வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட நாள் எது?"

ஒவ்வொருவராக மேடை ஏறினார்கள். கரைவலைக்குக் கூலிக்குப் போனவர், ஓட்டோ ஓடினவர், புருஷனை இழந்த ஒரு அம்மா. கதைகள் வேறுவேறு, அச்சு ஒன்று. முதலில் வறுமை, பிறகு சொந்தக்காரர் யாரோ சொன்ன குத்தல் பேச்சு, பிறகு ஒரு நண்பர் கூட்டிவந்த கூட்டம், பிறகு கார். கார் வந்த இடத்தில் எல்லோரும் எழும்பிக் கைதட்ட வேண்டும். தட்டாமல் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள வரிசைக்கு ஒரு ஆள்.

எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் தொண்டை அடைக்கும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்த கதை ஒரு வீட்டில், காணாமல் போனவரின் படம் இன்னொரு வீட்டில், இடம்பெயர்ந்த கதை எல்லா வீட்டிலும். அதைத் தெரிந்துகொண்டுதான் இங்கே வந்து கடை விரிக்கிறார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு எங்களைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்தார்கள். கோட் போட்ட ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க தங்கச்சி, மனசில வச்சிருக்காதீங்க" என்றார். சொன்னேன். 2006இல் சண்டை வந்து எங்கள் ஊரான சம்பூரை விட்டு உடுத்த உடுப்போடு ஓடியது, மட்டக்களப்புப் பக்கம் முகாம், பிறகு கிளிவெட்டி முகாம், தகரக் கொட்டிலில் தையல் பழகியது, அரசு எடுத்து வைத்திருந்த சம்பூர்க் காணி 2015இல் விடுபடத் தொடங்கிய பிறகும் எங்கள் முறை வரக் காத்திருந்தது. ஓவர்லொக் மெசின் ஒன்று வாங்கி டவுனில் சின்னதாக ஒரு தையல்கடை போடச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதையும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே ஒரு கொப்பியில் எழுதினார். எவ்வளவு சேர்த்திருக்கிறேன் என்று கேட்டு அதையும் எழுதினார்.

அவர்கள் கேட்ட தொகை 96,000 ரூபாய். என் சேமிப்பு போதாமல் போன அளவுக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. அதற்குத் தந்தது ஒரு காந்தக் கைச்சங்கிலி, இரண்டு ரின் சத்துமா, "வாழ்வு மாற்றப் பயிற்சி" என்று ஒரு அட்டை. காசைப் போட்டது ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்கில். "கம்பனிக் கணக்கில போட்டா வரி வெட்டுவாங்க, நட்டம் உங்களுக்குத்தான்" என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். கையெழுத்து வாங்கிய படிவம் முழுக்க ஆங்கிலம். பின்னர் ஒருவரிடம் கொடுத்து வாசித்துப் பார்த்தபோது, பொருள்களை மனம் விரும்பி வாங்கியதாகவும் பணம் திருப்பித் தரப்படாது என்றும் இருந்தது.

வருமானம் எப்படி வரும்? எனக்குக் கீழே வலது பக்கம் ஒருவர், இடது பக்கம் ஒருவர். அவர்களுக்குக் கீழே அதேபோல. இரண்டு பக்கமும் சமமாக நிரம்பினால்தான் கொமிசன். எப்போது பார்த்தாலும் ஏதோ ஒரு பக்கம் குறைவாகத்தான் இருக்கும்.

இப்போது அந்த வீடியோ. "பாராட்டு விழா, நீங்க உங்கட கதையைச் சொல்லணும், உங்களைப் பார்த்து நாலு பேர் தெம்பாகுவாங்க" என்று கூப்பிட்டார்கள். மேடைக்குப் பின்னால் ஒத்திகை நடந்தது. அதே கோட் போட்ட பெண், அதே கொப்பி. "கிளிவெட்டி முகாம் எண்டு சொன்ன உடனே கொஞ்சம் நிப்பாட்டுங்க. கண்ணீர் வந்தா துடைக்காதீங்க, கமராவைப் பாருங்க." எனக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. அந்த முகாமை நினைத்தால் எனக்குக் கண்ணீர் தானாக வரும்.

அழுது முடிந்ததும் காசோலை அட்டையைக் கையில் தந்தார்கள். ரெஜிபோமில் (தெர்மோகோல் அட்டையில்) ஒட்டிய பிரிண்ட். கிட்டப் பிடித்தபோதுதான் கவனித்தேன், என் பெயர் வேறொரு கடதாசியில் அடித்து செலோடேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில் கீழே இருந்த முந்தைய பெயரின் கடைசி எழுத்து எட்டிப் பார்த்தது. படம் எடுத்து முடிந்து நான் படியிறங்க முதலே ஒரு பெடியன் அட்டையை வாங்கி, என் பெயரைப் பிய்த்துவிட்டு அடுத்த பெயரை ஒட்டினான்.

காசு எங்கே என்று கேட்டதற்கு வந்த பதில்: "அது நீங்க எடுத்த காசில்லை தங்கச்சி, எடுக்கப் போற காசு. முதல்ல கண்ணால பார்த்தாத்தான் பிரபஞ்சம் தரும்." பிரபஞ்சம் இன்றுவரை என் வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கேட்கவில்லை.

அவர்கள் வெள்ளைப் பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள்: இரண்டு, நாலு, எட்டு, பதினாறு. அதோடு நிறுத்திவிட்டுக் காரின் படத்தைப் போடுவார்கள். நிறுத்தாமல் போய்ப் பாருங்கள். பதினெட்டாவது படியில் மட்டும் 2,62,144 பேர் வேண்டும். முதல் படியிலிருந்து கூட்டினால் 5 லட்சத்தைத் தாண்டும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகையே ஏறக்குறைய 3 லட்சத்து 80 ஆயிரம்தான், அதுவும் பால்குடிப் பிள்ளைகளையும் சேர்த்து. ஆகவே கடைசியில் சேர்ந்தவர்களுக்குக் கீழே போட ஆளே கிடைக்காது. அவர்கள் கட்டிய காசுதான் மேலே இருப்பவரின் கார்.

இதற்குப் பெயர் பிரமிட் திட்டம். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவில் இதைத் தொடங்குவது, ஊக்குவிப்பது, விளம்பரம் செய்வது, நடத்துவது எல்லாம் குற்றம். சிறைத் தண்டனை உண்டு. ஆள் சேர்க்கும் பிள்ளைகளுக்கு இது தெரியாது. மேலே இருப்பவர்களின் கைக்கு விலங்கு வருவதற்குள் இந்தப் பிள்ளைகள்தான் பொலிஸ் வாசலில் நிற்கிறார்கள்.

"எங்களுக்குப் பதிவு இருக்கு" என்று சட்டகம் போட்ட சான்றிதழைக் காட்டுவார்கள். கம்பனிப் பதிவாளரிடம் பதிந்த சான்றிதழ் அது. பலசரக்குக் கடைக் கம்பனிக்கும் அதே சான்றிதழ்தான் கிடைக்கும். சனத்திடம் வைப்புப் பணம் வாங்க அது அனுமதி ஆகாது. தடைசெய்யப்பட்ட திட்டங்களை நடத்தியதாகக் கண்ட நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் போட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லை என்பதை வைத்து நல்ல கம்பனி என்று நினைத்துவிடாதீர்கள், நேற்றுப் பெயர் மாற்றியவன் இன்று பட்டியலில் எப்படி இருப்பான்? சந்தேகம் இருந்தால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழையுங்கள். திருகோணமலையிலேயே அதன் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது. கட்டும் முன் போனால் பஸ் காசோடு முடியும்.

இன்னொரு வழியும் சொல்கிறேன். மேடையில் கதை சொன்ன ஆளைத் தனியாகப் பிடித்து, வங்கிப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். போனில் எடுத்த ஸ்கிரீன்ஷொட் வேண்டாம், புத்தகம். அவருடைய கண்ணீர் உண்மையாக இருக்கலாம், என்னுடையதும் உண்மைதான். துக்கம் உண்மையென்றால் அதன் பின்னால் வரும் லட்சமும் உண்மை என்று நம் மனம் தானாக முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. அவர்கள் விற்பது அந்த முடிச்சை.

போன மாதம் மூதூரிலிருந்து ஒரு தங்கச்சி என்னைத் தேடிப் பிடித்துப் பேசினாள். கணவர் கட்டாரிலிருந்து அனுப்பிய காசைக் கட்டியிருக்கிறாள். "அக்கா, உங்கட வீடியோவைப் பார்த்துத்தான் கட்டினேன். முகாமில இருந்த ஆள் பொய் சொல்ல மாட்டா எண்டு நினைச்சேன்." அவளுக்கு என்ன சொல்வது? நான் வாயால் சொன்னது எல்லாம் உண்மை. அட்டைதான் பொய்.

ஊரில் வேறு கூத்து. நான் லட்சாதிபதி என்று பாதிப் பேர் இன்னும் நம்புகிறார்கள். கோயில் நிருவாகத்தினர் திருவிழாப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். மாமா ஒருவர் கைமாற்றுக் கேட்டு, இல்லை என்றதும் "காசு வந்தா சொந்தம் மறக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மெசின் வாங்கவில்லை. டவுனில் வேறொருவரின் கடையில் நாள் கூலிக்குத் தைக்கிறேன். சங்கிலிக்கு வட்டி ஓடுகிறது. என்னைக் கூட்டிப்போனவளும் காசை இழந்தவள்தான், ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

வீடியோவை நீக்கச் சொல்லி முறையிட்டதும் ஒரு ஃபேஸ்புக் பக்கத்திலிருந்து எடுத்தார்கள், இன்னொரு பக்கத்தில் ஏறிவிட்டது. உங்களிடம் வந்தால், எச்சரிக்கை என்று எழுதிக்கூட அதை மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டாம். பாதிப் பேர் எழுத்தை வாசிக்காமல் படத்தைத்தான் பார்க்கிறார்கள். எந்தப் பக்கத்தில், எந்த இலக்கத்திலிருந்து வந்தது என்பதை எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்கள்.

அந்த மண்டபத்தில் இருந்தவர்கள், காசு கட்டியவர்கள் தயவுசெய்து தொடர்புகொள்ளுங்கள். சேர்ந்து வாக்குமூலம் கொடுக்கச் சிலர் முன்வந்திருக்கிறோம். வெட்கப்பட்டு, வங்கியில் காசு போட்ட சிலிப்பைக் கிழித்துப் போடாதீர்கள். மெசினில் வரும் சிலிப்பின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், என்னுடையதில் கணக்கு இலக்கத்தின் பாதி ஏற்கெனவே போய்விட்டது. இன்றைக்கே போட்டோகொப்பி எடுத்து வையுங்கள், அந்த ஆங்கிலப் படிவத்தின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து.