வெள்ளைக்கருத் தூள்: நுரைக்கு நம்பி வாங்கலாம், ஆம்லெட்டுக்கு வேண்டாம்

வாங்குமுன் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். உலர்த்திய முட்டை வெள்ளைக்கரு மட்டும் இருந்தால் நல்லது. நுரை கூட்டுவதற்காக சோடியம் லாரில் சல்பேட் அல்லது ட்ரைஎத்தில் சிட்ரேட் துளி சேர்த்திருப்பார்கள், அது குறையல்ல. சர்க்கரையும் ஸ்டார்ச்சும் இருந்தால் அது மெரிங் (வெள்ளைக்கருவும் சர்க்கரையும் அடித்துச் செய்யும் இனிப்பு) மிக்ஸ், இங்கே சொல்லும் அளவுகள் அதற்குப் பொருந்தாது.

அடுத்து நிறம். வெள்ளைக்கருவில் இயல்பாகவே கொஞ்சம் குளுக்கோஸ் உண்டு. உலர்த்துமுன் ஈஸ்ட் அல்லது குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி கொண்டு அதை நீக்க வேண்டும். சரியாக நீக்காவிட்டால் புரதத்தோடு வினைபுரிந்து தூள் பழுப்பேறும், கரைவதும் குறையும். வெளிர் மஞ்சள் வரை பரவாயில்லை; பழுப்பு தட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புது வெள்ளைக்கருவில் சுமார் 88 சதவீதம் தண்ணீர்தான். எனவே எடையில் 1 பங்கு தூளுக்கு 7 பங்கு தண்ணீர்: 4 கிராம் தூளும் 28 கிராம் தண்ணீரும் ஒரு முட்டையின் வெள்ளைக்கருவுக்கு ஈடு. ஸ்பூன் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள்.

பெரும்பாலும் காரியம் கெடுவது கரைக்கும்போதுதான். தூளின்மேல் தண்ணீரை ஊற்றினால் கட்டி கட்டியாகத் திரளும். மேற்பரப்பு நனைந்து பசையாகி, உள்ளே ஈரம் புகவிடாது. தண்ணீரை முதலில் கிண்ணத்தில் எடுத்து, தூளை அதன்மேல் சலித்துத் தூவி, மெதுவாகக் கலக்கி, 20-30 நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். அவசரப்பட்டு உடனே பீட்டரைப் போட்டால் கரையாத துகள் நுரையில் சிக்கி, நாக்கில் மணல் மணலாகத் தட்டும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். வெள்ளைக்கருவின் முக்கியப் புரதமான ஓவல்புமின் 80 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஆனால் கூடவே இருக்கும் ஓவோட்ரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் 60ஐத் தாண்டியதுமே திரைந்துவிடும்.

இனி அடிப்பது. புது முட்டையைவிட நுரை எழ நேரம் பிடிக்கும், பொறுக்க வேண்டும். ஒரு முட்டை அளவுக்கு அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரை நிலைக்கும், கந்தக வாடையும் மட்டுப்படும். கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எவ்வளவு அடித்தும் பயனில்லை. சர்க்கரையை நுரை மென்மையாக நிற்கத் தொடங்கியபின் சிறிது சிறிதாகச் சேருங்கள்.

ராயல் ஐசிங்குக்கு (கேக், பிஸ்கட் மேல் பூசி இறுகவிடும் சர்க்கரைப் பூச்சு) இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. அடுப்பில் வைக்காமல் சாப்பிடும் பண்டம் என்பதால், சால்மொனெல்லா கிருமி ஒழியச் சூடாக்கிப் பதப்படுத்திய தூளே பாதுகாப்பு. பாஸ்டரைஸ் செய்தது என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். மக்கரோனுக்கு (பாதாம் மாவில் செய்யும் பிரெஞ்சு இனிப்பு) 100 கிராம் புது வெள்ளைக்கருவோடு 1-2 கிராம் தூள் சேர்த்தாலே நுரை கெட்டிப்படும். ஆம்லெட் மட்டும் ரப்பராகிவிடும், சுவையும் இருக்காது.

நுரைக்கு 'ஹை விப்' வகையைக் கேளுங்கள். 'ஹை ஜெல்' என்பது நூடுல்ஸ், சாசேஜ் போன்றவற்றை இறுக்குவதற்கானது. கரைத்ததை ஃபிரிட்ஜில் வைத்து அன்றே தீர்த்துவிடுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தத் தூளும் ஆகாது: ஒவ்வாமை தரும் ஓவோமியூகாய்டு சூட்டுக்கு எளிதில் அழியாத புரதம்.