கொத்து மூங்கில் என்று நம்பி வாங்கினோம்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபோர்டுக்கு அருகே வீடு வாங்கியிருக்கும் அல்லது வாங்கவிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். 2019 மே மாதம், பக்கத்து வீட்டுச் சமையலறைச் சன்னல் எங்கள் கொல்லையை நேராகப் பார்த்தபடி இருந்ததால், மறைப்புக்காக வேலியோரம் எட்டு மூங்கில் செடிகளை நடச் செய்தோம். செடிகளை விற்று நட்டுத் தந்தவரிடம், இது பரவுமா என்று நான் இரண்டு முறை கேட்டேன். கொத்தாகவே வளரும், நகராது என்று இரண்டு முறையும் உறுதியாகச் சொன்னார். ரசீதில் 'மூங்கில், 8' என்று மட்டுமே எழுதியிருந்தது.

நான் அதை நம்பியதற்கு ஊர்ப் பழக்கமும் ஒரு காரணம். கல்மூங்கிலோ முள்மூங்கிலோ, நம் பக்கத்தில் காண்பவை தூறாகத்தான் வளரும். 'அருகுபோல் வேரோடி, மூங்கில்போல் சுற்றம் சூழ' என்று மணமக்களை வாழ்த்தும்போதுகூட, வேரோடுவதை அருகுக்கும் கூடி நிற்பதை மூங்கிலுக்கும் பிரித்தே சொல்கிறோம். அருகைப்போல் மண்ணுக்கடியில் ஓடும் மூங்கில் உண்டு என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

முதல் மூன்று ஆண்டுகள் அந்தச் செடிகள் பெரிதாக வளரவில்லை. 2022 மே மாதத்தில், வேலியிலிருந்து பத்தடி தள்ளிப் புல்தரைக்கு நடுவே முளைகள் வந்தன. அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டு அம்மையாரின் பூப்பாத்தியில், அவர் பல ஆண்டுகளாக வளர்த்த பியோனிச் செடிகளுக்கு இடையிலேயே முளைத்தன. அவர் கோபப்படாமல், வருத்தத்தோடு என்னை அழைத்துக் காட்டியது இன்னும் மனத்தை உறுத்துகிறது. அப்போது ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா ஒரு முளையைத் தோண்டிப் பார்த்துவிட்டு, "இது தூறு இல்லடா, கயிறு மாதிரி ஓடியிருக்கு" என்றார்.

அதன் பிறகே அடையாளங்களைக் கற்றேன். எங்கள் செடி ஃபைலோஸ்டாகிஸ் பேரினத்தைச் சேர்ந்த ஆரியோசல்காடா என்னும் ஓடும் மூங்கில். கிளை விடும் கணுவுக்கு மேலுள்ள தண்டுப் பகுதியை விரலால் தடவினால் நீளவாக்கில் ஒரு பள்ளம் தட்டுப்படும். பச்சைத் தண்டில் அந்தப் பள்ளம் மட்டும் மஞ்சளாக இருக்கும். கணுவுக்குப் பெரிதும் சிறிதுமாகப் பெரும்பாலும் இரண்டு கிளைகள் இருக்கும். சில தண்டுகள் அடிப்பகுதியில் வளைந்து வளைந்து நிற்கும். மண்ணைக் கிளறினால், ஓரடி ஆழத்துக்குள் நீண்ட மஞ்சள் நிறத் தண்டு பக்கவாட்டில் ஓடுவதையும், அதன் கணுதோறும் மொட்டு இருப்பதையும் காணலாம். தூறு மூங்கிலின் நிலத்தடித் தண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் இருந்து, உடனே மேல்நோக்கி வளைந்து கழியாகிவிடும். இங்குள்ள குளிரைத் தாங்கும் தூறு வகை ஃபார்கேசியா. அதன் தண்டில் இந்தப் பள்ளம் இராது.

இம்மாநிலத்தில் 2013 முதல் இதற்கெனச் சட்டமே இருக்கிறது. ஓடும் மூங்கிலை, வேர்ப்பகுதி முழுவதையும் அடக்கும் தடுப்போ சுற்றியுள்ள மண்ணில் படாத தொட்டியோ இல்லாமல், அடுத்தவர் நிலத்திலிருந்தும் பொதுப் பாதையிலிருந்தும் 40 அடிக்குள் நடக்கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்படலாம். எல்லை தாண்டிப் பரவினால், அகற்றும் செலவு உட்பட, தன் நிலத்தில் அதை நட்டவரோ நட விட்டவரோதான் பொறுப்பு. விற்பவரும் நடுபவரும், இது விரைந்து பரவக்கூடியது என்ற எழுத்துக் குறிப்பையும் சட்டச் சுருக்கத்தையும் வாங்குபவருக்குத் தர வேண்டும். எங்களுக்கு ஒரு தாளும் தரப்படவில்லை. செடிகள் நடப்பட்டதோ எல்லையிலிருந்து மூன்றடியில். பின்னர் செடிகளை விற்றவரை அழைத்தபோது, பராமரிப்பு உங்கள் பொறுப்பு என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

தண்டை ஒருமுறை வெட்டுவதால் மட்டும் இது சாகாது. உயிர் நிலத்தடியில் இருக்கிறது. நாங்கள் முதலில் கழிகளை அடியோடு வெட்டினோம். பிறகு எல்லையோரம் ஓரடிக்கு மேல் ஆழமான கால்வாய் தோண்டி, அதைக் கடந்த நிலத்தடித் தண்டுகளைத் துண்டித்து, பக்கத்து வீட்டுப் பாத்தியிலிருந்து மொட்டுள்ள ஒரு துண்டும் மிஞ்சாதபடி கையாலேயே அகழ்ந்தெடுத்தோம். எடுத்தவற்றைத் தார்ப்பாயில் பரப்பிக் காயவைத்தோம், ஏனெனில் ஈர மண்ணில் விட்டால் மீண்டும் துளிர்க்கும். வசந்தத்தில் வரும் முளைகளை, இலை விரியுமுன் இளசாக இருக்கும்போதே ஒடித்துவிட வேண்டும். இலை விடாதபடி ஆண்டுதோறும் இப்படிச் செய்தால், அடியில் சேமித்த மாவுச்சத்து தீர்ந்து செடி ஓய்ந்துபோகும்.

மூங்கில்தான் வேண்டும் என்றால், செடியின் முழு அறிவியல் பெயரை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். ஃபைலோஸ்டாகிஸ் என்று இருந்தால் எல்லையோரம் நட ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய வீடு வாங்குவோர், வேலிக்கு அப்பால் இருக்கும் மூங்கிலின் தண்டையும் தடவிப் பாருங்கள். எங்கள் கொல்லையில் சென்ற மே மாதமும் பதினொரு முளைகள் வந்தன. பியோனிப் பாத்தியில் ஒன்றும் வரவில்லை.