அம்மா நடந்த தூரம்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து ஐந்து வார விடுப்பில் சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். எப்போதும் தெருமுனைக்கே வந்து நிற்கும் அம்மா, இந்த முறை திண்ணையை விட்டு எழவில்லை. கொல்லைக்குப் போய்வரவே மூச்சு வாங்குகிறதாம். பீடி, சுருட்டு பக்கமே போகாதவர். நாற்பது வருட விறகடுப்புப் புகைதான் சி.ஓ.பி.டி.யாக, அதாவது மூச்சுக்குழாய் அடைத்துப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோயாக, வந்து நிற்கிறது.

திருநெல்வேலியில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ஊதிப் பார்க்கும் பரிசோதனை, எக்ஸ்ரே, டாக்டர், மருந்து எல்லாம் ஒரே காலையில் முடிந்தது. இங்கிலாந்தில் இந்த வேகம் கிடைக்காது. ஆனால் இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று யாரும் செய்துகாட்டவில்லை. மூச்சுப் பயிற்சி, நடைப் பயிற்சி ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, "வயசாயிடுச்சு, ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார்கள்.

அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு ஆறவில்லை. லெஸ்டரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் இதே நோய்க்கு வாரம் இரண்டு நாள், ஆறு வாரம் பயிற்சி வகுப்புக்குப் போனார். மூச்சு வாங்குமே என்று பயந்து உட்கார்ந்துவிட்டால் கால் தசை வற்றிப்போகும். அப்புறம் நாலு எட்டு வைத்தாலே முன்பைவிட அதிகமாக மூச்சு வாங்கும். கெட்டுப்போன நுரையீரல் பயிற்சியால் திரும்ப வராது. ஆனால் கால் தேறும், பயம் விலகும்.

வழி ஊரிலேயே, அம்மாவின் பக்கத்து வீட்டில் இருந்தது. பக்கவாதம் வந்த பெரியம்மாவைப் பார்க்க, 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வருவார். கேட்டதும் அம்மாவையும் வந்து பார்த்தார். தெருவில் 30 மீட்டர் அளந்து கோடு போட்டு, ஆறு நிமிடம் நடக்கச் சொன்னார். நடுவில் இரண்டு தடவை நின்று 165 மீட்டர் நடந்தார் அம்மா.

"மூக்கால இழுத்து, உதட்டைக் குவிச்சு மெதுவா விடுங்கம்மா."

"ஊதாங்குழல் ஊதுற மாதிரியா தாயீ?"

"அதேதான். ஆனா அடுப்பு பத்திக்கக் கூடாது, அவ்வளவு மெதுவா."

அம்மாவுக்கு உடனே பிடிபட்டது. தினமும் நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை மூச்சிரைப்புக்கு மார்க் போட்டால் மூன்று, நான்கில் இருக்க வேண்டும். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும். இன்ஹேலர் இழுக்கும் முறையையும் அவரே திருத்தினார்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடி அளந்தோம். 225 மீட்டர், ஒரே ஒரு தடவைதான் நின்றார். 30 மீட்டர் கூடினாலே உடம்புக்கு வித்தியாசம் தெரியும் என்றார் அந்தப் பெண்.

விட்டுவிட்டால் சில மாதத்தில் பழையபடி ஆகிவிடும். அதனால் மதினி சாயங்காலம் கூடவே நடக்கிறார். வெந்நீர் அடுப்பை வீட்டுக்குள்ளிருந்து கொல்லைக்கு மாற்றியாயிற்று. ஊருக்குப் போகிறவர்கள் மருந்துச் சீட்டோடு திரும்பிவிடாமல், ஒரு பிசியோதெரபிஸ்டையும் தேடிப் பிடியுங்கள்.